கொடியில் காய்ந்த உறக்கம்

மலையடிவாரத்துக் கோரைக்குளத்தில், வாத்துப் பட்டியின் வைக்கோல்மேல், ஒரு விடியற்காலையில் முப்பிடாதியின் உறக்கம் அவளைவிட்டுக் கழன்று விழுந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் செருகிய முந்தானை நழுவுவதுபோல நழுவி விழுந்து, அங்கேயே கிடந்தது. குனிந்து முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சாம்பல் நிறமாக இருந்தது. நனைந்த சேலையின் கனம் இருந்தது. அடைகாக்கும் வாத்தின் வயிற்றடியில் கைவிட்டால் ஒரு சூடு தெரியுமே, அந்தச் சூடு இருந்தது. ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, நன்றாக உதறி, முற்றத்துக் கொடியில் போட்டாள். போட்டுவிட்டுத் தவிடு குழைக்கப் போனாள், ஏனென்றால் எது விழுந்தாலும் வாத்துகளுக்கு விடிந்ததும் தவிடு வேண்டும்.

விழாமல் வேறென்ன செய்யும் என்று ஊரில் பிற்பாடு பேசிக்கொண்டார்கள். உடுத்தாத துணி பெட்டியிலேயே மட்கிப்போகிறது, இறைக்காத கிணறு தூர்ந்துபோகிறது, முப்பிடாதி வருஷக்கணக்காக எடுத்துப் புழங்காத உறக்கம் மட்டும் எத்தனை காலம் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவள் வளர்த்தவை வயல் வயலாக ஓட்டிப்போகிற சின்ன வாத்துகள் அல்ல. வெள்ளை வெளேரென்று, கழுத்தை நீட்டிச் சீறுகிற, சந்தையில் கூஸ் வாத்து என்று கேட்டு வாங்குகிற பெரிய வாத்துகள். தென்னந்தோப்புக்காரர்கள் தேடிவந்து வாங்கிப்போவார்கள். நாயைவிட நல்ல காவல் என்பார்கள். பாம்பு ஊர்ந்தால் கத்தும், தேங்காய்த் திருடன் வேலியைத் தொட்டால் கத்தும், முன்பின் தெரியாத ஆள் காற்று வருகிற பக்கம் வந்து நின்றாலே கத்தும். ஊரில் உள்ள தோப்புக்கெல்லாம் காவலுக்குப் போகிற அந்த வாத்துகளுக்கு, அவை வளர்ந்து ஆளாகும்வரை, முப்பிடாதி காவலிருந்தாள்.

குளத்தங்கரையில் பனங்கம்புகளை நட்டு, கம்பிவலை கட்டி, நரி தோண்டும் என்பதால் வலையின் அடியை மண்ணுக்குள் புதைத்து, அதன்மேல் கல் அடுக்கியிருந்தாள். மரநாய் மரத்திலிருந்து இறங்கும் என்பதால் மேலே பழைய மீன்வலை விரித்திருந்தாள். தெருநாய்கள் கூட்டமாக வரும் என்பதால் சுற்றிலும் உடைமுள் வைத்து அடைத்திருந்தாள். கீரிக்கு இதெல்லாம் கணக்கே இல்லை. அதற்கு ஒரு தகரமும் ஒரு குச்சியும் மூடாத இரண்டு கண்களும்தான் வேலி. இவ்வளவும் இருந்தும் ஒருமுறை, காய்ச்சலில் அவள் கண்ணயர்ந்த ஒரு விடியலில், கல்லைப் புரட்டிக்கொண்டு நரி உள்ளே போய்விட்டது. தின்பதற்கு ஒன்றைத்தான் தூக்கிப்போனது. மற்றதில் பாதியைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போனது. வாத்துகள் கத்தத்தான் செய்தன. தெரு முழுக்கக் கேட்டது. நரி போலிருக்கிறது, முப்பிடாதி பார்த்துக்கொள்வாள் என்று தெரு திரும்பிப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அவள் படுப்பதில்லை. பட்டியின் வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொள்வாள். புருஷன் சங்கரபாண்டி ஒரு நூல் மில்லில் ராத்திரி வாச்மேன். சம்பளம் வாங்கிக்கொண்டு விழிப்பவர் என்பதால், பகலெல்லாம் தூங்குகிற உரிமை அவருக்கு உண்டு. அவர் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, ஒரு சாயங்காலம் அவளைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டையா இருக்காருல்லா? நரி வந்தா அவரு கத்தப்போறாரு. நீ எதுக்குளா முழிச்சிக் கெடக்க?"

ஏட்டையா என்பது மந்தையின் மூத்த ஆண் வாத்து. போலீஸ் ஏட்டுபோல நெஞ்சை நிமிர்த்தி நடப்பதாலும் யாரைக் கண்டாலும் கடிக்கப் போவதாலும் தெருவே வைத்த பெயர் அது.

"ஏட்டையா கத்துவாரு," என்றாள் முப்பிடாதி. "கத்துனா எந்திரிச்சி வர ஒரு ஆளு வேணும்லா?"

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரும் எழுப்பாமல், எதுவும் கத்தாமல், தானாக விழிப்பு வருகிறவரை தூங்க வேண்டும். இந்தக் குஞ்சுகளுக்கு இறகு முளைக்கட்டும், தோப்புக்காரர்கள் வந்து வாங்கிப்போகட்டும், அப்புறம் படுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பாள். அந்தக் குஞ்சுகள் போவதற்குள் இன்னொரு பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிடும்.

*

கொடியில் கிடந்த உறக்கத்தை முதலில் கேட்டு வாங்கியது பக்கத்து வீட்டு உலகம்மாள். அவளுடைய மருமகள் பொன்மலருக்குக் கைக்குழந்தை. அது பகலையும் ராத்திரியையும் ஒன்றாக்கி அழுதுகொண்டிருந்தது. உரமருந்து கொடுத்தாயிற்று, மந்திரித்தாயிற்று, டவுன் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தாயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொடியையே பார்த்துக்கொண்டிருந்த உலகம்மாள், அது என்னது என்று கேட்டாள். என் தூக்கம் மயினி, கழண்டு விழுந்திட்டு என்றாள் முப்பிடாதி.

"நீ இப்பம் படுக்கப் போறியா?"

"எங்க படுக்க? கீரி நடமாட்டமா இருக்கு."

"அப்பம் சும்மாதான கெடக்கு. கொடு, பிள்ளையக் கெடத்திப் பாக்கட்டும்."

குழந்தையை அதன்மேல் கிடத்தினார்கள். அழுகையின் நடுவில், வாய் திறந்தபடியே, அது தூங்கிப்போனது. பொன்மலரும் ஓரமாகத் தலையைச் சாய்த்தாள். உலகம்மாள் அந்த இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீதியிருந்த மூலையில் தானும் காலை நீட்டினாள். மூன்று பேரும் எழுந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது, அடுப்பில் வைத்த குழம்பு கருகியிருந்தது, அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

அதற்குப் பிறகு அது முப்பிடாதியின் கொடிக்கு வருவது குறைந்துபோனது. அந்தத் தெருவில் பெண்கள் எல்லோரும் பீடி சுற்றுகிறவர்கள்; மடியில் முறத்தை வைத்து, இலையை நறுக்கித் தூளை வைத்துச் சுருட்டிச் சுருட்டிக் கழுத்தும் கண்ணும் ஓய்ந்தவர்கள்; ஒரு கட்டு முடித்ததும் கொஞ்சம் படுத்து எழுந்தால் அடுத்த கட்டுக்குக் கை ஓடியது. ரேஷன் கடை ஞானதுரை வாங்கிப்போனார், அவர் வீட்டில் அத்தை இறந்த பிறகு யாரும் சரியாகத் தூங்கவில்லை. பள்ளிக்கூடத்து எஸ்தர் டீச்சர் முதலில் வந்து அதைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று வெகுநேரம் விளக்கினார். பரீட்சைப் பேப்பர் திருத்தி முடித்த வெள்ளிக்கிழமை அவரே ஒரு துணிப்பையோடு வந்து, ஒரு மணி நேரத்துக்குத்தான் என்று சொல்லி வாங்கிப்போனார். திங்கட்கிழமை திருப்பித் தந்தார்.

உறக்கம் பெண்ணுடையது என்பதால் ஆண்கள் படுக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. படுத்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கத்தில் 'ஹேய், ஹேய், போ' என்று முனகினார்கள், ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொண்டார்கள், எழுந்ததும் கொஞ்ச நேரம் எதையோ எண்ணுவதுபோல விரலை நீட்டிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். சாவு வீட்டுக்குக் கொடுக்கலாமா, தீட்டு வந்துவிடாதா என்று இன்னொரு பேச்சு வந்தது. கோயில் வாசலில் உட்கார்ந்து நெடுநேரம் பேசி, சாவு வீட்டுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், திரும்பி வந்ததும் ஒரு பகல் வெயிலில் போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவனுக்குக் கிடையாது. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிக்கு ஒன்றாகத்தான் கொடுப்பது. வெளியூர் விருந்தாளிக்கு, விருந்துக்கு அழைத்த வீட்டின் முறையில் சேர்த்துக்கொள்வது. இப்படிக் கோரைக்குளத்தில், தண்ணீர் முறைக்கும் கோயில் சாவிக்கும் இருக்கிற ஒழுங்கு முப்பிடாதியின் உறக்கத்துக்கும் வந்துசேர்ந்தது. ஊரில் முகங்கள் தெளிந்தன. கன்னங்கள் கொஞ்சம் பூரித்தன. குழாயடியில் சண்டை குறைந்தது என்று தண்ணீர் திறந்துவிடுகிறவர் சொன்னார்.

முப்பிடாதிக்கு மட்டும், படுத்தாலும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. உடம்பில் இல்லாததைக் கண் எங்கிருந்து கொண்டுவரும். மத்தியானம் வாத்துகள் தண்ணீரில் கிடக்கும்போது கரையில் சாய்ந்து இமையை மூடிப்பார்ப்பாள். தாழ்ப்பாள் இல்லாத கதவுபோல இமை தானே திறந்துகொள்ளும். சோற்றில் உப்பை இரண்டு தடவை போட்டாள். தவிட்டுச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே தவிட்டுச் சட்டியைத் தேடினாள். பேசுகிறவர்களின் வாய் அசைந்து முடிந்து கொஞ்சம் பொறுத்துத்தான் அவளுக்குச் சத்தம் வந்துசேர்ந்தது. என்னளா இப்படிக் கறுத்துப்போயிட்ட என்று நன்றாகத் தூங்கி எழுந்த பெண்கள் பரிவாகக் கேட்டார்கள். குஞ்சுகளுக்கு இறகு முளைக்கட்டும், படுத்துக்கிடுதேன் என்றாள்.

*

இங்கேதான் ஊர் ஒரு தப்பைச் செய்தது. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை.

கோரைக்குளத்தில் யாரும் இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. தூக்குச்சட்டி வாங்கினால் அதில் ஒரு பிடி அவலாவது, நாலு முருங்கைக்காயாவது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கல் உப்பாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் பாத்திரம் வீடு திரும்பினால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது. குழந்தையைக் கிடத்தி எழுப்பிய அந்த முதல் நாளே உறக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு உலகம்மாள் யோசித்தாள். இதில் எதைப் போடுவது? வெல்லத்தை வைத்தால் ஒழுகிவிடும். பூவை வைத்தால் காய்ந்துவிடும். கடைசியில் தன்னுடைய உறக்கத்திலிருந்தே ஒரு விள்ளல் கிள்ளி, அதன் மூலையில் வைத்து மடித்துக் கொடுத்துவிட்டாள். வெறுங்கையாக எப்படிக் கொடுப்பது என்று மருமகளிடம் சொன்னாள். மருமகளும் கிள்ளி வைத்தாள். அதைக் கேட்டுத் தெரு முழுக்க அப்படியே செய்தது. ஞானதுரை செய்தார். எஸ்தர் டீச்சர், மூன்று நாள் வைத்திருந்த கூச்சத்தில், கொஞ்சம் பெரிதாகவே கிள்ளி வைத்தார்.

உறக்கம் தடித்துக்கொண்டே போனது. கொடிக்கு வரும்போதெல்லாம் கயிறு தாழ்ந்தது. பனி இறங்கியிருக்கும் என்று முப்பிடாதி நினைத்துக்கொண்டாள்.

ஒருவழியாகக் குஞ்சுகளுக்கு இறகு முளைத்தது. தோப்புக்காரர்கள் வேன் கொண்டுவந்து ஏற்றிப்போனார்கள். மந்தையில் பெரிய வாத்துகள் மட்டும் மிஞ்சின. எந்தப் பெட்டையும் அடைக்கு உட்காரவில்லை. அன்றைக்கு முப்பிடாதி முகம் கழுவி, தலையைச் சீவிக்கொண்டு, தெருவுக்குப் போய்த் தன் உறக்கத்தைக் கேட்டாள். யாருடைய முறை என்று பார்த்து, கொஞ்சம் தயங்கி, அந்த வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வெள்ளைத்துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். சங்கரபாண்டி மில்லுக்குப் போகும்வரை பட்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். காவல்தானே தன்னுடைய வேலை என்றார்.

மத்தியானம் படுத்தாள். படுத்ததும் தூங்கிப்போனாள். தூங்கியதுமே வேலை வந்துவிட்டது. உலகம்மாளின் மகன் பேசாத ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பொன்மலரின் மார்பில் பால் வற்ற வற்ற அதைத் தேடிக்கொண்டு ஓடினாள். ஞானதுரையின் அத்தைக்குக் கால் பிடித்துவிட்டாள்; பிடிக்கப் பிடிக்க அத்தை குளிர்ந்துபோனாள். யாருடையவை என்று தெரியாத பீடி இலைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன, எல்லாவற்றையும் நறுக்கினாள். எஸ்தர் டீச்சரைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போக, எழுந்து போக, காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்த் திரும்பியபோது, கடைசியில், ஏட்டையா கத்துவது கேட்டது. அது மட்டும் கனவில்லை.

எழுந்து ஓடினாள். சங்கரபாண்டி பட்டி வாசல் கல்லில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முள் விலகி, வலையின் அடிக்கல் புரண்டிருந்தது. ஒரு பெட்டையைக் காணவில்லை. வேலியில் தொடங்கிக் கோரைப்புல் வரைக்கும் வெள்ளை இறகு சிந்தியிருந்தது. பட்டப்பகல். ஏட்டையாவின் அலகில் நரிமுடி ஒட்டியிருந்தது.

அவள் புருஷனை எழுப்பக்கூட நிற்கவில்லை. உறக்கத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே உலகம்மாள் வீட்டுக்குப் போனாள். பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் அதை இறக்கி வைத்தாள்.

"மயினி, உன் மவன் போன் எடுத்தும் பேசவே மாட்டக்கானா?"

உலகம்மாளின் கையிலிருந்த இலை நின்றுபோனது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மகன் வாராவாரம் பேசுகிறான் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் தூங்கல மயினி," என்றாள் முப்பிடாதி. அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும். "உங்க எல்லாத்துக்கும் சேத்து முழிச்சிக் கெடந்தேன். இத நீங்களே வச்சிக்கிடுங்க. எனக்கு வேண்டாம்."

சொல்லிவிட்டுத் தகரத்தையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு பட்டி வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

*

தெரு அன்றைக்குப் பீடி சுற்றவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கக் கூச்சமாக இருந்தது. நல்லது என்று நினைத்துச் செய்ததுதான், ஆனாலும் தங்களுடைய விள்ளலோடு எது ஒட்டிக்கொண்டு போனது என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் உலகம்மாள் உறக்கத்தை ஒரு பாயில் விரித்துப் போட்டாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். கீரை ஆய்வதுபோல ஆய்ந்தார்கள். தங்களுடையது எது என்று கண்டுபிடிப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. புகையிலைத் தூள் வாசம் அடித்ததை அந்தந்தப் பெண்கள் பிரித்து எடுத்தார்கள், பால்வாசம் அடித்ததைப் பொன்மலர் எடுத்தாள், சாக்பீஸ் வாசம் அடித்ததை எஸ்தர் டீச்சர் யாரும் பார்க்காதபோது எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஞானதுரை வந்து நின்று, கூட்டத்துக்குள் வரத் தயங்கி, தன்னுடையதை யாராவது எடுத்துக் கொடுக்கும்படி கேட்டு வாங்கிப்போனார். அவரவர் பாரம் அவரவர் வீட்டுக்குத் திரும்பியது. இனித் தெருவில் பல வீடுகளில் ராத்திரி விளக்கு அணையாது.

எல்லாம் போக மிஞ்சியது வெங்காயச் சருகுபோல இருந்தது. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் குளம் தெரிந்தது. இத்தனை பேர் புரண்டு புரண்டு தேய்த்துவிட்டிருந்தார்கள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே முருங்கையில் ஒரு காகம் கத்தியது. கத்தியதும் அதில் விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல் விழுந்தது. யாரோ 'ஐயோ' என்றார்கள். அதற்கும் ஒரு கிழிசல் விழுந்தது. பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எஸ்தர் டீச்சர் பின்னால் வர, உலகம்மாள் பட்டிக்குப் போனாள். காதோடு காதாகச் சொன்னாள், இதுதான் உன்னுடையது, வேறு யாருடையதும் இதில் இல்லை, படு என்று. முப்பிடாதி அதைப் பார்த்தாள். தொட்டதும் அவள் தோள் இறங்கியது. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"தகரம் அடிச்சா இது தாங்காது மயினி. அடிக்காம நரிய எப்படி வெரட்ட? ஒரு தரம் ருசி கண்டுட்டு. இன்னைக்கும் வரும்."

"வரட்டும். நாங்க பாத்துக்கிடுதோம்."

"அன்னைக்கும் தெருவுல கேக்கத்தான் செஞ்சுது."

கேட்டதும், திரும்பிப் படுத்ததும் உலகம்மாளுக்கும் ஞாபகம் இருந்தது. முப்பிடாதியின் கையிலிருந்த குச்சியை மெதுவாகப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தாள். அது மண்ணில் சத்தமில்லாமல் விழுந்தது. முப்பிடாதி நம்பிப் படுத்தாள் என்று சொல்ல முடியாது. அவளுடைய கால்கள்தான் முதலில் மடிந்தன. பட்டியின் நடுவில், வைக்கோல்மேல், அந்தச் சருகை விரித்து அதில் சாய்ந்தாள். ஏட்டையா ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டுப் போனது.

அவ்வளவுதான், ஊர் வேலையில் இறங்கியது. ஆடுகளின் கழுத்து மணியைக் கழற்றினார்கள். கோயில் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார்கள். ஒருவர் பஸ் திரும்புகிற வளைவில் போய் நின்று, ஹாரன் அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் கையைக் கூப்பினார். டிரைவர் காரணம் கேட்க, முப்பிடாதி தூங்குகிறாள் என்றார். அது சரியான காரணம்தான் என்பதுபோல டிரைவர் பஸ்ஸை உருட்டிக்கொண்டு போனார். எஸ்தர் டீச்சர் பொன்மலரின் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் குழந்தைகளையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய், இன்றைக்குக் கரும்பலகையில் மட்டும்தான் பாடம் என்று எழுதிப்போட்டார். மிக்சி ஓடவில்லை. தாளிப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று பழைய சோற்றைப் பிழிந்து சாப்பிட்டார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொருத்தியாகப் பட்டிக்குள் வந்து, வலையோரமாக உட்கார்ந்தார்கள். காவல் என்றால் என்ன என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் அது. ஆனால் அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

வெயில் சாய்ந்து, குளத்துத் தண்ணீர் செம்மண் நிறமாகி, வீடுகளில் விளக்கேற்றுகிற நேரத்தில் கோரைப்புல் அசைந்தது. நரி வந்தது. ஊரில் எல்லோரும் அது பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். அது எலும்பும் தோலுமாக, மடி தொங்க, ஒரு முன்னங்காலை நொண்டிக்கொண்டு வந்தது. எங்கோ குட்டி போட்டிருக்கும். அதுவும் தூங்கி வெகுநாள் ஆகியிருக்கும்போல் கண்கள் உள்ளே போயிருந்தன. முன்பு விலக்கிய முள்ளில் அதே இடத்தில் தலையை நுழைத்தது.

வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டின. அலகுகள் திறந்தன. இன்னும் ஒரு நொடியில் அத்தனையும் சேர்ந்து கத்தப்போகின்றன. கத்தினால் அந்தச் சருகு சல்லடையாகிப்போகும். பிறகு முப்பிடாதிக்கு இந்தப் பிறவியில் தூக்கம் என்று ஒன்று கிடையாது. உலகம்மாள் யோசிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெட்டையை அப்படியே அள்ளி மடியில் போட்டு, அதன் தலையைத் தன் கக்கத்துக்குள் வைத்து, கையால் அணைத்துக்கொண்டாள். முப்பிடாதி சந்தைக்குத் தூக்கிப்போகும்போது அப்படித்தான் வைத்திருப்பாள். இருட்டில் முகம் புதைந்தால் வாத்து அடங்கிவிடும். பொன்மலர் ஒன்றை அள்ளினாள். அடுத்தவள் ஒன்றை. பீடி சுற்றிய கைகள் எல்லாம் ஆளுக்கொரு வாத்தாக அணைத்துக்கொண்டு, வலையோடு வலையாக, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்தன. பட்டியில் இனி நரி பிடிப்பதற்கு ஒரு வாத்து பாக்கியில்லை, ஏட்டையாவைத் தவிர.

ஏட்டையாவை யார் தொடுவது. அது இறக்கையை விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, நரிக்கு நேராக நடந்தது. அதன் தொண்டை உப்பியது.

வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த சங்கரபாண்டி எப்போது எழுந்தார், எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மில் யூனிஃபாரத்தை மாட்டிக்கொண்டு, பட்டன் போடாமல், வெறுங்காலோடு வந்தார். பின்னாலிருந்து ஏட்டையாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையைக் கக்கத்தில் வைக்க அவருக்குத் தெரியவில்லை. ஏட்டையா அவருடைய முழங்கைக்கு மேலே, சதையைப் பிடித்துத் திருகிக் கடித்தது. அவர் வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடித்த வாய்க்குள் சதை இருந்ததால் ஏட்டையாவாலும் கத்த முடியவில்லை.

நரி உள்ளே வந்தது. உலகம்மாளின் மடியை முகர்ந்தது. பொன்மலரின் மடியை முகர்ந்தது. ஒவ்வொரு மடியாக, இலை போட்டு உட்கார்ந்திருக்கும் பந்தியைப் பார்த்துக்கொண்டு போகிறதுபோல, வரிசையாகப் போயிற்று. ஒருத்தியும் அசையவில்லை. ஒருத்தியின் கன்னத்தில் அதன் மூச்சு பட்டது. பிறகு அது நடுவில் போய் முப்பிடாதியின் பக்கத்தில் நின்றது. அவள் காலை முகர்ந்தது. சருகின் ஓரம் காற்றில் எழும்பி அதன் மூக்கில் பட்டது. நரி கண்ணைச் சிமிட்டியது, கொட்டாவி விட்டது, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் வந்த வழியே நொண்டிக்கொண்டு போய், முள்ளுக்கு வெளியே, எல்லோரும் பார்க்க உட்கார்ந்துகொண்டது. இவர்கள் எப்போதாவது கையை விடுவார்கள் என்று அதற்குத் தெரியும்.

கைகள் மரத்துப்போயின. வாத்துகள் கனத்தன. பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகளை அழைத்துவர வேண்டியிருந்தது, மாடுகள் கட்டுத்தறியில் பால் கட்டி நின்றன, மில்லில் ஒரு கேட் காவல் இல்லாமல் கிடந்தது. இத்தனை வருஷத்துத் தூக்கம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. வைக்கோல்மேல் கிடந்த முப்பிடாதி, ஒரு கண்ணும் திறந்திராமல், கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, மறுபக்கம் ஒருக்களித்துப் படுத்தாள்.